தரையைப் பார்த்துக் கிடந்த நாட்கள்

கண் ஓரத்தில் ஏதாவது மின்னினால் அதை ஜரிகை என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். ஆரி வேலை செய்கிறவள் வேறு எப்படி நினைப்பாள்? சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியின் மேல் நாள் முழுக்கக் குனிந்து, கொக்கி ஊசியால் ஜரிகையும் பாசிமணியும் சமிக்கியும் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தால், கண்ணை மூடினாலும் மின்னத்தான் செய்யும். தொழில் அப்படி என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் கறுப்பாக ஒரு நூல் துணுக்கு. துணியின் மேல் கிடக்கிறது என்று நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தேன். கை போன இடத்தை விட்டு அது நகர்ந்துகொண்டது. அடுத்த நாள் ஒன்று பலவாகி, துணியெங்கும் பஞ்சு மிதந்தது. மட்டமான நூலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, நூல் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பாவம், நூல்கண்டைப் பிரித்து விரலில் சுற்றிக் காட்டி, நூலில் ஒன்றுமில்லையே அம்மா என்றார். நான் நம்பவில்லை. என்னை எதையும் நம்ப வைப்பது லேசான காரியமில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

என் பெயர் ரஹ்மத். பேகம்பூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வேலைக்கூடம். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பேன். வீட்டுக்காரர் காதர், தோல் கிடங்கில் வேலை. நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். அப்போது என் சட்டத்தில் இருந்தது பாலசமுத்திரத்துப் பெண் பிருந்தாவின் முகூர்த்த ஜாக்கெட். போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கொடுத்திருந்தாள். கைக்கு ஒரு மயில், கீழே நேர்நேராக மூன்று வரிசைப் பாசி. ஒரு கையை முடித்துவிட்டேன். அடுத்த கையைத் தொடவில்லை.

பாசியின் துளையைப் பார்க்க நான் எப்போதும் வலது கண்ணைத்தான் மூடுவேன். ஒரு நாள் இடது கண்ணில் தூசி விழுந்ததால் அதை மூடினேன். சட்டத்தில் பாதியைக் காணோம். மூக்குப் பக்கமிருந்து ஒரு கருநிழல் திரைபோல இறங்கி நின்றது. தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

கண் ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைத்தார்கள். கண் பாப்பா விரிவதற்கான மருந்து அது. விரிந்தால்தான் உள்ளே கடைசிவரை பார்க்க முடியுமாம். காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். யார் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லோரும் நிமிர்ந்தோம். டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்று கண்ணைச் சுற்றிச் சுற்றித் துழாவினார். பிறகு மூடிய இமையின் மேல் பசை தடவி ஒரு கருவியை வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்கு எடுப்பார்களே, அதேதான்.

விழித்திரை கழன்றுவிட்டது என்றார். கண்ணின் பின்பக்கச் சுவரில் மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது, பார்ப்பதைப் படமாக வாங்குவது அதுதான், அதில் ஒரு கிழிசல் விழுந்து உள்ளே தண்ணீர் புகுந்து படலம் சுவரைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஜாக்கெட்டில் லைனிங் கழன்றுவிட்டது. கண்ணுக்குள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டு, லைனிங்கைப் படிய வைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் ஒட்டி, கண்ணுக்குள் ஒருவித வாயுவை நிரப்புவார்கள். கேன்வாஸ் ஒட்டுவதற்கு மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி அந்த வாயு அழுத்திக்கொண்டே இருக்கும். பார்வை எவ்வளவு திரும்ப வரும் என்று கேட்டேன். மையப் புள்ளி வரைக்கும் கழன்றுவிட்டது, ஒட்டிக்கொண்டால்தான் சொல்ல முடியும் என்றார். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே என்றும் கேட்டார். நூல் கடைச் சண்டையை அவரிடம் சொல்லவில்லை.

ஆபரேஷனை மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். முழித்தபடியே கிடந்தேன். வலி இல்லை. உள்ளே ஏதோ நடப்பது நிழலாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய காரியம் அதற்குப் பிறகுதான் இருந்தது. வாயு மேல்நோக்கித்தான் போகும். கண்ணின் பின்சுவர் மேலே இருந்தால்தான் அது அங்கே போய் அழுத்தும். ஆகவே சாப்பிடவும் பாத்ரூம் போகவும் எழுந்த நேரம் தவிர, ராவும் பகலும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் நடந்தாலும் தலை தொங்கியே இருக்க வேண்டும். நர்ஸ் பெண் எவ்வளவோ விளக்கியும் மச்சானுக்கு ஏறவில்லை. கடைசியில் அவராகவே, "சஜ்தாவுல இருக்குற மாதிரிங்களா?" என்று கேட்டார். நர்ஸுக்கு அது தெரியவில்லை. தொழுகையில் வைக்கிற மாதிரி மச்சான் நெற்றியைத் தரையில் வைத்துக் காட்டினார். அப்படித்தான், அப்படியேதான் என்றாள் நர்ஸ். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் அப்படிக் குனியவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கோ நிமிரவே கூடாது.

வாயு கரையும்வரை மலைக்குப் போகக்கூடாது என்றும் ஒரு கட்டளை. உயரம் ஏறினால் கண்ணுக்குள் வாயு உப்பிவிடுமாம். கொடைக்கானலுக்கு நான் போனது எப்போதோ. போகக்கூடாது என்றதும் போக வேண்டும்போல் இருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் மெத்தைக்குப் பதில் வளையமாக ஒரு தலையணை. அதில் முகத்தைப் பொருத்திக்கொண்டால் இடது கண்ணுக்குத் தரை தெரியும். பழைய மொசைக் தரை. முதல் நாள் அதைப் பார்த்து அழுதேன். அழக்கூடாது, மருந்து போய்விடும் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல் அதட்டியது. அதுதான் முத்தம்மாக்கா. கன்னிவாடியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறவர். அவருக்கும் இதே ஆபரேஷன், இதே கவிழ்ந்த கிடை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சிநேகமானோம். எனக்குத் தெரிந்தது அவருடைய கால்கள். குதிகால் வெடிப்பும் வெள்ளி மெட்டியும்.

கவிழ்ந்து கிடக்கும்போது பயம் வேறு மாதிரி வந்தது. கண் போய்விடுமோ என்பது ஒரு பயம். கண் வந்தாலும் என்ன செய்யப்போகிறேன் என்பது இன்னொன்று. தொழிலுக்கு வந்த புதிதில் எதைப் பார்த்தாலும் எனக்கு டிசைனாகத்தான் தெரியும். வெண்டைக்காயை நறுக்கினால் பூ, பஸ் ஜன்னல் கம்பி நிழல் விழுந்தால் பார்டர். பிறகு போன் வந்தது. பெண்கள் படத்தோடு வந்தார்கள். இதே மாதிரி, இதே மாதிரி. நானும் இதே மாதிரி போட்டுப் போட்டு வேகமானேன், பெயரும் எடுத்தேன். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் வெண்டைக்காய் எப்போது வெறும் வெண்டைக்காய் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. படம் இல்லாமல் நானாக ஒரு கோடு போட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

இந்தக் கவலையை மச்சானிடம் சொன்னால், பில்லைப் பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டார். காப்பீட்டு அட்டை போக மீதி எவ்வளவு என்று நான் கேட்டால், "நீ தரையைப் பாரு" என்பார். அவர் சட்டைப் பையில் காகிதங்கள் மொடமொடப்பது மட்டும் கேட்கும்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோல் கிடங்கு வாடை எனக்குக் குமட்டும் என்று, ஆஸ்பத்திரிக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துவிட்டுத்தான் வார்டுக்குள் வருவார். வந்தால் எனக்கு அவர் செருப்புதான் தெரியும். ஒரு நாள் சலிப்பில், மனுச முகத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று புலம்பிவிட்டேன். செருப்பு அசையாமல் நின்றது. பிறகு அவர் துண்டை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து என் கட்டிலுக்கடியில் வந்து, என் முகத்துக்கு நேர் கீழே தன் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாத்துக்க" என்றார்.

வார்டே சிரித்தது. நர்ஸ் வந்து திட்டினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு தினமும் வந்து அப்படித்தான் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார். நாத்தனார் கொடுத்தனுப்பிய கஞ்சியை உறிஞ்சுகுழாயில் குடித்துக்கொண்டே கேட்பேன்.

மற்ற நேரமெல்லாம் தரைதான். வேறு வழியில்லாமல்தான் பார்க்க ஆரம்பித்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. காலையில் பினாயில் போட்டுத் துடைப்பார்கள். துடைப்பம் அரைவட்டம் அரைவட்டமாகப் போகும். ஈரம் ஓரத்திலிருந்து காயும். காயும்போது ஒவ்வொரு வட்டமும் மெலிந்து பிறைபோல ஆகிக் கடைசியில் இல்லாமல் போகும். நேற்றுக் காய்ந்த மாதிரி இன்று காயாது. மின்விசிறி ஓடினால் ஒரு மாதிரி, கரண்ட் போனால் வேறு மாதிரி. மொசைக்கில் ஒரு கறுப்புச் சில்லு உடைந்து, பக்கத்தில் வெள்ளையாக மூன்று சில்லு. எனக்கு அது தலை குனிந்த ஆடு. முத்தம்மாக்காவுக்கும் தன் கட்டிலுக்கடியில் ஒன்று இருந்தது. என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"எனக்கு வாய்க்காலுதான் தெரியிது தாயி. மடை ஒடச்சு தண்ணி ஓடுற மாதிரி. நீ ஆடுங்குற. அவுகவுக பொழப்பு அவுகவுகளுக்கு."

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். சாப்பாட்டுக்கு வெஞ்சனம் சரியில்லை என்று அவர் குறைசொல்லும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் இதுதான். வெயில் ஜன்னல் கம்பி வழியே விழுந்து தரையில் நகரும்போது, என் கட்டிலைத் தாண்டி அவர் கட்டிலுக்குப் போகும். "இந்தா, ஒன் சேலை பார்டரு எங்கிட்ட வந்துருச்சு" என்பார். இரண்டாவது வாரம் தொடங்கும் முன்பே என் விரல் தானாகக் கட்டில் கம்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. ஆரி வேலையில் மேலே இருக்கும் கைதான் வெளியே தெரியும். நூலைக் கொடுக்கும் கை துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். அந்த இடது கை அத்தனை வருடமாக எதையும் பார்க்காமலே சரியாகத்தான் செய்திருக்கிறது என்று அங்கே கிடந்துதான் நினைத்துப் பார்த்தேன்.

நோய் வந்ததால்தான் நல்லது நடந்தது என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எனக்கு அந்தக் கண் வேண்டும். தரையைப் பார்க்க ஆரம்பித்தேன் என்பதற்காக அதைக் கொடுத்துவிட மாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் குமிழி நிற்குமே, அப்படி ஒரு கோடு வலது கண்ணுக்குள் ஆடியது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். நாளாக ஆகக் கோடு இறங்கியது. முதலில் விட்டமும் மின்விசிறியும் தெரிந்தன. பிறகு கதவு நிலை, பிறகு மச்சானின் நெற்றி, மூக்கு, மீசை. என் கைகள்தான் கடைசி. ஊசி பிடிக்கும் இடம் கடைசியாகத்தான் வரும் என்று தெரிந்தும் நான் தினமும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது கூடத்தில் பழக்கப்பட்ட குரல் கேட்டது. திரும்பினேன். முத்தம்மாக்கா நான் நினைத்து வைத்திருந்த முகமே இல்லை. குரல் பெரியது, ஆள் சின்னவர். அவருக்குக் கழன்று ரொம்ப நாளானதால் முழுசாக ஒட்டவில்லை. "வெளிச்சம் மட்டும் தெரியிது. அது போதும்னு எல்லாரும் சொல்றாக. போதாது தாயி" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா என்னிடம் கட்டம் போட்ட ஓர் அட்டையைக் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி. புள்ளியைப் பார்த்துக்கொண்டே கோடெல்லாம் நேராகத் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். இடது கண்ணுக்கு நேர்தான். வலது கண்ணுக்குப் புள்ளியை நெருங்க நெருங்கக் கோடுகள் வளைந்தன. ஆற்றுக்குள் நிற்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் ஒதுங்குவதைப்போல, புள்ளியைச் சுற்றி ஒதுங்கிப் போயின. படலம் நன்றாக ஒட்டிவிட்டது, ஆனால் ஒட்டிய இடத்தில் சுருக்கம் இருக்கிறது, நாளாக ஆகக் குறையலாம், முழுசாகப் போகாமலும் இருக்கலாம் என்றார்.

"ஊசி வேலை செய்யலாமா டாக்டர்?"

"செய்யலாம். பழையபடி வருமான்னு கேட்டா, அத என்னால சொல்ல முடியாதும்மா."

எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைந்து காட்டச் சொல்லி ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தார். வரைந்தேன். அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் வரைந்து தந்ததில்லை என்றார். அன்றைக்கு அதுவும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

வீட்டில் சட்டத்தின் முன் உட்கார்ந்தேன். பழைய துணியில் ஒரு நேர்வரிசை போட்டுப் பார்த்தேன். ஒரு கண் நேர் என்றது, மறு கண் இல்லை என்றது. வரிசை எங்கோ போய் முடிந்தது. வலது கண்ணை மூடினால் ஆழம் தெரியாமல் ஊசி தப்பியது. போன் படத்தைப் பார்த்து மயிலின் கழுத்தை வரைந்தேன். படத்துக்கும் துணிக்கும் கண்ணைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதற்குள் கழுத்து வேறு எங்கோ நின்றது. பார்த்ததை அச்சாகப் போட நேரான கண் வேண்டும். அது என்னிடம் இனி இல்லை. பிருந்தா ஜாக்கெட்டின் இரண்டாவது கை வெறுமையாக என்னைப் பார்த்தது. அன்று சாயங்காலம் வரை சமைக்கவில்லை. மச்சான் ஹோட்டலில் இட்லி வாங்கி வந்து வைத்தார்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தும் எழத் தோன்றாமல் மறுபடி நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்தேன். எங்கள் வீட்டுத் தரையில் கட்டம் கட்டமாக டைல்ஸ். கண்ணைத் திறந்ததும் கோடுகள் வளைந்து ஒதுங்கின. டாக்டரிடம் வரைந்த அதே வளைவு. இந்த முறை பயமில்லாமல் பார்த்தேன். நடுவில் ஒன்றுமே இல்லாத இடம், சுற்றிலும் அதற்கு வழிவிட்டு நெளியும் வலை. முழங்கைக்கு மேல் ஒரு ஜாக்கெட் கையில் இது வந்தால் எப்படி இருக்கும்? எழுந்து போய் டிரேசிங் தாளை விரித்து வரைந்தேன். நேர்க்கோடு ஒன்றுகூட இல்லாததால் கோணலாகப் போக அதில் எதுவும் இல்லை. வளைவுக்கு வளைவு பாசி, வலைக்கு மெல்லிய ஜரிகை. நடுவில் வெறும் பட்டு.

பிருந்தாவைக் கூப்பிட்டேன். கண் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். மயிலை என்னால் போட முடியாது, இன்னொருவரிடம் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் இப்படி ஒன்று வரைந்திருக்கிறேன், இரண்டு கையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். கல்யாணப் பெண், ஆசையாகப் படம் தேடி எடுத்தவள், என்ன சொல்வாள்? படத்தை அனுப்புங்க அக்கா, பார்த்துட்டுச் சொல்றேனுங்க என்று வைத்துவிட்டாள்.

அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. அன்று முழுக்க இல்லை. துவரம்பருப்பை இரண்டு தடவை கழுவினேன். மச்சான் என் முகத்தைப் பார்ப்பதும் நகர்வதுமாக இருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவள் வேண்டாம் என்றால் சட்டத்தைக் கழற்றி வைத்துவிடுவது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நேத்துப் பூராத் தேடினேனுங்க. இந்த மாதிரி யாராச்சும் போட்டிருக்காங்களா, போட்டா எப்படி இருக்கும்னு. எங்கயும் இல்லைங்க."

"அப்ப வேண்டாமாம்மா?"

"அதில்லைங்க அக்கா. அப்ப இது எனக்கு மட்டுந்தான இருக்கும்?"

"ஒனக்கு மட்டுந்தான்" என்றேன்.

போனை வைத்துவிட்டு, ஜாக்கெட்டில் முடித்து வைத்திருந்த கையை மடியில் எடுத்துப் போட்டேன். ஆரித் தையல் சங்கிலித் தையல். கடைசி முடிச்சை வெட்டிவிட்டு நுனியை இழுத்தால் முழுசாக வந்துவிடும். மயிலின் வால் முதலில் வந்தது. பிறகு உடம்பு, கழுத்து, கொண்டை. பாசிகள் தட்டில் உதிர்ந்தன. முடித்த வேலையை ஏன் பிரிக்கிறாய் என்று மச்சான் பதறினார். நான் இழுத்துக்கொண்டிருந்தேன். மயில் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சின. பட்டில் விழுந்த துளையை ஈரக் கையால் தேய்த்தால் இழை நகர்ந்து மூடிக்கொள்ளும். விரலை நனைத்துத் தேய்த்தேன்.